பொன்னுக்கா, சினத்தாலா? – குலசேகர பாண்டியன் கொலை பற்றி ஓர் ஆராய்ச்சி

செல்வக் குடியிற் பிறந்த மக்கள் தம்மைப் பெற்றோரையே கொன்றனர் என்னும் செய்தி காதில் விழுந்தவுடன், கேட்போர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ‘சொத்துக்காகத்தான்’ என்பது. ஏழை வீட்டில் அவ்வாறு நிகழ்ந்தால் குடியோ, பித்தோ, பசியோ என்று பலவாறு வினவுவர். செல்வர் வீட்டில் நிகழ்ந்தால் வினாவே எழுவதில்லை. வினா எழுமுன்னரே செல்வம் விடையாக வந்து நின்றுவிடுகிறது. இந்த விடை சரியானதுதானா என்பதை ஆராய்வதற்கு நம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே தக்கதொரு சான்று உண்டு. அதனை நோக்குமுன் இக்காலத்துச் செய்தி ஒன்றைக் கூறுதல் பொருந்தும்.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் மெனண்டெஸ் உடன்பிறந்தாரின் வரலாற்றைக் கதையாக்கிய தொடர் ஒன்று நெட்பிளிக்ஸ் வாயிலாக வெளிவந்தது. கலிபோர்னியாவில் நிகழ்ந்த அந்தப் பழைய கொலை, ஜூரோங்கின் அடுக்குமாடி வீட்டுக் கூடங்கள் வரை வந்து சேர்ந்தது. 1989 ஆகஸ்டு 20 இரவு, பெவர்லி ஹில்ஸில் தம் மாளிகையிலே இருந்த தந்தை ஹொசேயையும் தாய் கிட்டியையும் லைல், எரிக் என்னும் மைந்தர் இருவரும் துப்பாக்கியாற் சுட்டுக் கொன்றனர். மூத்தவனுக்கு வயது 21, இளையவனுக்கு 18. குடும்பச் சொத்து ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் டாலர். கொலைக்குப் பின் வந்த மாதங்களிலே மைந்தர் கைக்கடிகாரமும் காருமாக வாங்கிக் குவித்தனர். இதனைச் சுட்டி, ‘பேராசையே நோக்கம்’ என்றது அரசுத் தரப்பு. தந்தை தம்மைப் பல்லாண்டு காலம் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினான் என்றும், உயிருக்கு அஞ்சியே சுட்டோம் என்றும் மைந்தர் உரைத்தனர். முதல் விசாரணையில் இருவர்க்கும் தனித்தனியே அமைந்த நடுவர் குழு இரண்டும் ஒருமுடிவுக்கு வர இயலாமல் 1994 ஜனவரியிலே கலைந்தன. 1996இல் இரண்டாம் விசாரணை குற்றவாளிகள் என்று தீர்த்து, ஆயுள் முழுவதும் சிறை விதித்தது. 2025 மே மாதத்தில் அத்தண்டனை குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலே பரோல் கேட்டபோது இருவர்க்கும் மறுக்கப்பட்டது. சுட்டது யார் என்பதில் ஐயமில்லை. ஏன் சுட்டனர் என்பது முப்பத்தாறு ஆண்டுகளாக வழக்காடப்படுகிறது.

சட்டம் இவ்வகையில் நம்மினும் அடக்கமுடையது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு, கொலைக்கு வேண்டிய எண்ணம் எது என்று வரையறுக்கின்றதே யன்றி, அவ்வெண்ணத்தைத் தூண்டியது எது என்று கேட்பதில்லை. சான்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தூண்டுதலைப் பொருத்தமான செய்திகளுள் ஒன்றாக ஏற்கிறது; அவ்வளவே. ஆனால் சொத்துரிமைச் சட்டம் வேறு வழியிற் செல்கிறது. இந்தியாவின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, தன் 25ஆம் பிரிவிலே கொன்றவன் கொலையுண்டவனின் சொத்தை அடையலாகாது என்கிறது. அவன் சொத்துக்காகக் கொன்றானா, வேறொன்றுக்காகக் கொன்றானா என்று அச்சட்டம் பார்ப்பதில்லை. பயனை அவனுக்கு மறுக்கிறது. பயனை மறுப்பது வேறு. பயனையே நோக்கமென்று கொள்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது கேட்போர் செய்யும் பிழை. வரலாற்று நூலார் சிலரும் அதனைச் செய்திருக்கின்றனர் என்பதே ஈண்டு காட்டப்புகுவது.

தமிழ் பயிற்றுவோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ‘சினத்தாற் கொன்றான்’ என்னும்போது ஆல் உருபு ஏதுவைக் காட்டுகிறது. ‘பொன்னுக்குக் கொன்றான்’ என்னும்போது கு உருபு பொருட்டு என்னும் பொருளில் நிற்கிறது. முன்னது பின்னிருந்து தள்ளுவது. பின்னது முன்னிருந்து இழுப்பது. ‘கொன்றான், பொன் பெற்றான்’ என்று இரண்டு வினைமுற்றுக்கள் மட்டுமே சான்றில் இருக்கும்போது, நடுவில் எந்த உருபைப் பெய்வது என்பதைச் சான்று சொல்லாது. பெய்பவன் எழுதுவோனோ, படிப்போனோ ஆவான்.

நோக்கம் ஒன்றே செயலின் பெயரை மாற்றிவிடும் என்பதற்குச் சேக்கிழார் காட்டும் சண்டேசுரர் வரலாறு போதும். திருச்சேய்ஞலூரிலே, மணலால் அமைந்த சிவலிங்கத்துக்கு ஆட்டவிருந்த பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தை எச்சதத்தனின் தாளை மைந்தர் வெட்டினார், தந்தை மாய்ந்தான், மைந்தர் நாயனார் ஆனார். இறைவன் அம்மைந்தருக்குச் சடைக்கொன்றை சூட்டும் காட்சியைக் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்திலே இன்றும் காணலாம். அங்கே நோக்கத்தை ஐயுறுவார் இல்லை. புராண ஆசிரியர் அதனைத் தெளிய உரைத்துவிட்டார். அவ்வாறு உரைப்பார் இல்லாத இடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது.

இனிப் பாண்டியன் வரலாற்றுக்கு வருவோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் அரியணை ஏறியவன். கொல்லங் கொண்டவன் என்று பெயர் பெற்றவன். பிற்காலச் சோழரின் ஆட்சி மூன்றாம் இராசேந்திரனோடு 1279 அளவில் மறைந்ததும் இவன் காலத்தே. இவனுடைய படைத்தலைவன் ஆரியச் சக்கரவர்த்தி ஈழத்து யாப்பகூவாவிலிருந்து புத்தரின் பல்லையே கொணர்ந்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. இத்துணைப் பெருவாழ்வு வாழ்ந்த மன்னன் 1310இல் தன் மகன் சுந்தர பாண்டியன் கையாலே மாண்டான் என்று பள்ளிக்கூட வரலாறுகள் எழுதுகின்றன. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரின் 1921ஆம் ஆண்டு நூலும், கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் 1929ஆம் ஆண்டுப் பாண்டியர் வரலாறும் வெளிவந்த நாள்தொட்டு இச்செய்தி தமிழ் படிப்போரிடையே பரவிவிட்டது.

இதற்கு மூலம் எது? பாரசீகத்துச் சீராசு நகரைச் சார்ந்த வஸ்ஸாப் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிய நூலே. அவர் கூறுவதன் சாரம் வருமாறு. மாபார் நாட்டு அரசன் கலேஸ் தேவர் – குலசேகர தேவனைத்தான் இவ்வாறு எழுதுகிறார் – நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பகையும் பிணியும் இன்றி ஆண்டான். மதுரைக் கருவூலத்தில் அவன் சேர்த்த பொன் 1,200 கோடி. முத்தும் மாணிக்கமும் மரகதமும் வேறு. அவனுக்கு மைந்தர் இருவர். மூத்தவன் சுந்தர பாண்டியன், முறைப்படி மணந்த தேவியின் மகன். இளையவன் வீர பாண்டியன், காமக்கிழத்தியின் மகன். இளையவனின் அறிவையும் துணிவையும் கண்ட தந்தை அவனையே தனக்குப்பின் அரசனாகக் குறித்தான். மூத்தவன் வெகுண்டான், பதற்றத்தில் தந்தையைக் கொன்று, மதுரையிலே முடிசூடிக்கொண்டான். இது ஹிஜ்ரி 709ஆம் ஆண்டின் இறுதியில், அதாவது கி.பி. 1310இல் நிகழ்ந்தது. பின்னர் உடன்பிறந்தார் இருவரும் போரிட்டனர். தோற்ற சுந்தரன் தில்லி அலாவுதீனிடம் அடைக்கலம் புகுந்தான்.

இதனைப் படித்து முடித்தவரிடம் ‘சுந்தரன் ஏன் கொன்றான்?’ என்று கேட்டால், பலரும் ‘பொன்னுக்கும் முடிக்கும்’ என்றே விடை கூறுவர். வஸ்ஸாப் அவ்வாறு எழுதவில்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் சொன்ன ஏது வெகுளி. புறக்கணிக்கப்பட்டதால் எழுந்த வெகுளி. பொன்னைப் பற்றிய செய்தி கொலைக்கு முன்னே வருகிறது. தந்தையின் நல்வாழ்வுக்கு அடையாளமாக வருகிறது. முன்னே கருவூலமும் பின்னே கொலையும் அடுத்தடுத்து நிற்பதனாலேயே, படிப்போன் இரண்டையும் தானே ஒரு கயிற்றால் கட்டிவிடுகிறான். வரிசை காரணமாகிவிடுகிறது. கதை கேட்கும் சிறுவனுக்கு இது இயல்பு; வரலாறு கற்பிப்பவருக்கு ஆகாது.

அந்தக் கருவூலக் கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். வஸ்ஸாப் கொண்ட கோடி நம் கோடியன்று. ஆயிரம் இலட்சத்தை ஒரு கோடி என்கிறார். ஓர் இலட்சம் என்பது நூறாயிரம் தீனார். அவ்வாறாயின் மொத்தம் நம் கணக்கில் 12,000 கோடி தீனார் ஆகும். ஒரு தீனாருக்கு நான்கு கிராம் பொன் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 4,80,000 டன் பொன் மதுரையில் இருந்திருக்க வேண்டும். மனித குலம் இன்றுவரை மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பொன் எல்லாம் சேர்ந்தும் இரண்டு இலட்சத்துச் சில்லறை டன்னே என்பர். கோடியை நம் வழக்கப்படி நூறு இலட்சமாகவே கொண்டாலும் 48,000 டன் வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பெருக்கிப் பார்த்தாலும் இக்கணக்கு நில்லாது. இத்தனைக்கும் வஸ்ஸாப் கணக்கறியாதவர் அல்லர். பாரசீக அரசில் வரித்துறையிற் பணி செய்தவர். ஆண்டுதோறும் மாபாருக்கும் அதனை ஒட்டிய துறைகளுக்கும் அனுப்பப்பட்ட குதிரை 10,000 என்றும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் அவர் எழுதும் இடத்திலே வணிகர் வாய்ச்சொல்லின் திட்பம் தெரிகிறது. மொத்தம் இருபத்திரண்டு இலட்சம் தீனார். பெருந்தொகை, ஆயினும் மனிதக் கணக்கிற்குள் அடங்கும் தொகை. குதிரை வணிகம் அவர் பக்கத்துச் செய்தி. மதுரை அரண்மனைக் கருவூலமோ கேள்விச் செய்தி. அரண்மனைக்குள் தந்தைக்கும் மகனுக்கும் நடந்தது, அதனினும் உட்புறத்துச் செய்தியன்றோ?

இக்கொலையைக் கூறும் பாண்டியர் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனாலேயே கொலை பொய் என்று துணிதல் கூடாது. மெய்க்கீர்த்திகள் வெற்றியைப் பாடுவன. வீட்டுப் பழியைப் பாடுவன அல்ல. எனினும் வேறொரு வகையில் கல்வெட்டுக்கள் வாய் திறக்கின்றன. நாள், திதி, கிழமை ஆகியவற்றைக் கொண்டு கீல்ஹார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை முதலியோர் கணித்த முறைப்படி, சடையவர்மன் வீர பாண்டியனின் ஆட்சியாண்டு 1297ஐ ஒட்டியும், சடையவர்மன் சுந்தர பாண்டியனின் ஆட்சியாண்டு 1303ஐ ஒட்டியும் தொடங்குகின்றன. அஃதாவது தந்தை உயிரோடிருக்கும்போதே இருவரும் முடிசூடி, தத்தம் பெயரால் ஆட்சியாண்டு எண்ணி வந்தனர். பாண்டியர் குடியில் ஒரே காலத்திற் பலர் அரசராயிருத்தல் மரபு. ‘ஐவர் அரசர், உடன்பிறந்தார்’ என்று 1293 அளவில் இந்நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும் குறித்திருக்கிறார்.

ஆகவே 1310இல் சுந்தரன் முடியில்லாதவன் அல்லன். ஏழாண்டுகளாக முடி தரித்தவன். அவனிடம் இல்லாதது பொன்னன்று, முடியுமன்று, முதன்மை. ‘அவனுக்குப் பின்னேதான் நீ’ என்று தந்தை வைத்த வரிசை. வஸ்ஸாப் கூறும் வெகுளி இந்த வரிசையைப் பற்றியதாயின், அது பொருந்துகிறது. ஆயின் அப்போது ‘செல்வத்துக்காகக் கொன்றான்’ என்னும் வழக்கு அடியோடு நீங்கிவிடுகிறது.

இனி, மூத்தவன் யார் என்பதிலேயே சான்றுகள் மாறுபடுகின்றன. மாலிக் காபூரின் தென்னாட்டுப் படையெடுப்பை அடுத்து அதனை எழுதிய தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு, வீர பாண்டியனை மூத்தவன் என்றும் சுந்தர பாண்டியனை இளையவன் என்றும் கூறுகிறார். அதுவரை நட்பாயிருந்த உடன்பிறந்தார் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் படை எடுத்தனர் என்றும், அவ்வமயம் பார்த்து ஹொய்சள வல்லாளன் அவர்தம் காவலற்ற நகரங்களைக் கொள்ளையிடப் புறப்பட்டான் என்றும் எழுதுகிறார். பகையின் தொடக்கத்தைக் கூறும் அவ்விடத்தில் தந்தை கொலை பற்றிய பேச்சு இல்லை. தென்னவரைத் தாழ்த்தி எழுதுவதில் குஸ்ரு தயங்குபவர் அல்லர். தந்தையைக் கொன்ற மகன் ஒருவன் எதிரணியில் இருந்திருந்தால் அதனை விட்டுவிட்டாரென்பது வியப்பே. மூத்தவன் வீரனாயின், முறைப்பட்ட மூத்த மகன் புறக்கணிக்கப்பட்டான் என்னும் வஸ்ஸாபின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

கொலை நிகழவே இல்லை என்று இதனாற் கூறுவதற்கில்லை. நிகழ்ந்திருக்கலாம், ஆண்டும் பிறவும் பொருந்தியே வருகின்றன. நிகழ்ந்தது என்பதற்கு ஒரு சாட்சி. ஏன் நிகழ்ந்தது என்பதற்கும் அதே சாட்சி. முன்னதில் அவரை நம்பலாம். பின்னதில் நம்ப வேண்டுமானால், கடல்கடந்த ஒருவருக்கு ஒரு மகனின் நெஞ்சம் எவ்வாறு தெரிந்தது என்று கேட்டுத்தான் நம்ப வேண்டும். தென்கடல் துறைகளில் பாரசீக வணிகர் பெரும்பதவி வகித்தனர். அவர் வாயிலாக மதுரைப் பேச்சு பாரசீகம் சென்றது என்பது பொருத்தமான ஊகம். அவ்வாறாயின் அவருக்குக் கிட்டியது, கொலைக்குப் பின் வென்ற பக்கத்தில் வழங்கிய பேச்சாக இருத்தல் கூடும்.

மார்க்கோ போலோ கூறும் இன்னொரு செய்தி இங்கே நினைக்கத்தக்கது. உடன்பிறந்த அரசர் தம்முள் போரிட எழும்போதெல்லாம் அவர்தம் தாய் இடையே புகுந்து, ‘நீங்கள் அடங்காவிடின் உங்களுக்குப் பாலூட்டிய கொங்கையை அறுத்து உயிர் விடுவேன்’ என்று கத்தியை எடுப்பாளாம். அவள் இறந்தபின் இவர்கள் ஒருவரையொருவர் அழிப்பது உறுதி என்று மக்கள் பேசினராம். அது முந்திய தலைமுறையைப் பற்றிய செய்தி. வேற்று நாட்டார் கேட்டெழுதிய கதைதான். ஆயினும் அக்குடியில் உட்பகை ஒருவன் பேராசையால் 1310இல் திடீரென முளைத்தது அன்று என்பதை அது காட்டுகிறது. பலர்க்கு முடிசூட்டி, ஒருவனுக்கு முதன்மை கொடுக்கும் அரசமைப்பிலேயே அப்பகை குடியிருந்தது.

இதனை இவ்வளவு வற்புறுத்துவது ஏனெனில், இக்கொலையின்மேல் வேறொரு பெருஞ்சுமை ஏற்றப்பட்டிருக்கிறது. 1311இல் மாலிக் காபூர் மதுரைவரை வந்தான். 612 யானையும் 20,000 குதிரையும் 96,000 மணங்கு பொன்னும் தில்லிக்குச் சென்றன என்று பரணி எழுதுகிறார். ‘பேராசை பிடித்த மகன் ஒருவன் தந்தையைக் கொன்று, பகைவனையும் அழைத்து வந்தான், தமிழ் அரசு வீழ்ந்தது’ என்று இவ்வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவர். குஸ்ருவின் விளக்கமோ வேறு. மாலிக் காபூர் மதுரையை அடைந்தபோது நகர் வெறிச்சோடிக் கிடந்தது. அரசன் தன் தேவியரோடு வெளியேறியிருந்தான். அகப்பட்டவை கோயிலில் நின்ற இரண்டு மூன்று யானைகளே. படையை அழைத்தவன் மதுரையில் இருந்திருந்தால் அங்கே வரவேற்பன்றோ நிகழ்ந்திருக்க வேண்டும்? 1310இல் வாரங்கல்லிலிருந்து பெற்ற பொருளின் சுவை தில்லிக்குத் தெரியும். மாபாரை நோக்கி வர ஒரு சுந்தரன் வந்து அழைக்க வேண்டியதில்லை. பேரரசு ஒன்றின் வீழ்ச்சிக்குப் படை, குதிரை, வரி, உள்ளமைப்பு என்று பல ஏதுக்களை ஆராய வேண்டிய இடத்திலே, ஒரு பிள்ளையின் கெட்ட மனத்தைக் காட்டிவிட்டால் ஆசிரியர் வேலை எளிதாகிவிடுகிறது.

இதே சிக்கலை ஈழத்துச் சூளவம்சத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். சிகிரியாக் குன்றுக்கு ஆசிரியர் துணையோடு சென்று வந்த மாணவரும் அக்கதையைக் கேட்டிருப்பர். ஐந்தாம் நூற்றாண்டிலே தமிழரசர் அறுவர் காலத்துக்கு முடிவு கட்டி அனுராதபுரத்தில் ஆண்டவன் தாதுசேனன். கலாவாவி என்னும் பேரேரியைக் கட்டியவன். அதிலிருந்து புறப்படும் கால்வாய் 54 கல் நீளம். முதற் பதினேழு கல்லில் கல்லுக்கு ஆறு அங்குலமே சரிவு என்று பொறியாளர் வியப்பர். அவனுக்கும் மைந்தர் இருவர்: காசியப்பன் குலத்தால் ஒவ்வாத தாய் வயிற்றவன், மொக்கல்லானன் பட்டத்தரசி வயிற்றவன். ஒரு மகளும் உண்டு. அம்மகளைத் தன் உடன்பிறந்தாளின் மகனும் படைத்தலைவனுமான மிகாரனுக்குக் கொடுத்தான். மிகாரன் அவளைத் தொடையிலே கசையால் அடித்தான். மகளின் ஆடையிற் குருதியைக் கண்ட தாதுசேனன், மிகாரனின் தாயை – தன் சொந்தத் தமக்கையோ தங்கையோ ஆனவளை – ஆடையின்றி எரித்தான். அன்றுமுதல் மிகாரன் காசியப்பனோடு சேர்ந்தான்.

அதன்பின் நிகழ்ந்தவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். காசியப்பன் தந்தையைச் சிறையிட்டு அரசைக் கைக்கொண்டான். முடி கைக்கு வந்துவிட்டது. தந்தை இன்னும் உயிரோடிருக்கிறான். கொலை அப்போதும் நிகழவில்லை. ‘கருவூலத்தை மொக்கல்லானனுக்காக உன் தந்தை மறைத்து வைத்திருக்கிறான்’ என்று மிகாரன் வந்து ஓதிய பின்னரே பொன் கதைக்குள் நுழைகிறது. பொன் எங்கே என்று கேட்கப்பட்ட தாதுசேனன், கலாவாவிக்கு அழைத்துச் செல்லக் கேட்டான். வழியில் தேரோட்டி தான் தின்ற பொரியில் பங்கு கொடுத்தான். ஏரிக்கரையில் தன் பழைய நண்பராகிய தேரரைக் கண்டு பேசி, நீராடி, அந்நீரைப் பருகிவிட்டு, இதுவே தன் செல்வம் முழுவதும் என்று காவலர்க்குச் சொன்னான். காசியப்பன் சினந்தான். மிகாரனே முன்னின்று முதியவனைச் சுவரிற் கட்டிவைத்து மண்ணால் மூடினான்.

இக்கொலையின் நோக்கம் யாது? முடி என்றால், அது முன்பே கிடைத்துவிட்டது. பொன் என்றால், அவ்வாசையை மூட்டியவன் மிகாரன்; மிகாரனுக்கு வேண்டியது பொன் அன்று, எரிந்த தாய்க்கு ஈடு. காசியப்பனுடைய சொந்த ஏது எது என்று தேடினால், தன்னினும் தம்பிக்கே தந்தை மனம் ஒதுக்கிவைத்தான் என்னும் ஐயமே எஞ்சுகிறது. நூலாசிரியரோ இவற்றுள் ஒன்றாலும் நிறைவு பெறாமல் நான்காவது ஒன்றைச் சேர்க்கிறார். கலாவாவிக் கரை கட்டும் நாளில் தியானத்தில் அமர்ந்திருந்த துறவி ஒருவரைத் தாதுசேனன் மண்ணிட்டு மூடச் செய்தான். அவ்வினையே மண்ணாகத் திரும்பி வந்தது என்கிறார். சூளவம்சத்தின் இப்பகுதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தம்மகித்தி தேரர் எழுதினார் என்பது மரபு. நிகழ்ந்து எழுநூறு ஆண்டுக்குப் பின் எழுதுகின்றவர், மகன் நெஞ்சத்தை அறிவதினும் தந்தை வினையை அறிவதில் ஆர்வம் காட்டியது இயல்பே.

எனினும் அந்நூலின் நேர்மைக்குச் சான்றாக ஒன்று உண்டு. காசியப்பன் பின்னாளில் மறுமைக்கு அஞ்சி நோன்பு நோற்றான். விகாரம் ஒன்றைப் பெருக்கிக் கட்டி, தன் இரு பெண்மக்கள் பெயரையும் அதற்கு இட்டுத் தேரவாதத் துறவியருக்கு அளித்தான். தந்தையைக் கொன்றவன் கொடையை ஏற்றால் உலகம் பழிக்கும் என்று அவர்கள் மறுத்தனர். அவன் அதனைப் புத்தர் திருவுருவுக்கே கொடுத்துவிட்டான். இச்செய்தியை நூலாசிரியர் மறைக்கவில்லை. பொன்னாசை ஒன்றாலேயே இயன்ற நெஞ்சாயின் இந்த அச்சத்துக்கு அங்கே இடம் ஏது? சிகிரியாவைப் பற்றிப் பரணவிதான வேறொரு கருத்து வெளியிட்டார். அது தம்பிக்கு அஞ்சி ஒளிந்தவனின் கோட்டையன்று. குபேரனின் அளகாபுரியை மண்ணிற் காட்ட எழுந்த மாளிகை என்றார். அதனை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். கொலைகாரன் மலைமேல் ஏறியதற்குக்கூட ஒரே நோக்கத்தை ஒட்ட முடியவில்லை என்பதே நமக்கு வேண்டியது.

மதுரையையும் அனுராதபுரத்தையும் அருகருகே வைத்தால் ஒன்று புலனாகும். மதுரையிலே கொன்றவன் முறைப்படி மணந்த தேவியின் மகன் என்கின்றனர். அனுராதபுரத்திலே கொன்றவன் ஒவ்வாத தாயின் மகன் என்கின்றனர். முறைப்பிறப்பு ஒருவனைக் கொலைக்குத் தூண்டியது என்றும், முறையில்லாப் பிறப்பு இன்னொருவனைத் தூண்டியது என்றும் ஒரே மூச்சில் உரைப்பது எங்ஙனம்? பிறப்பும் செல்வமும் இரு கதையிலும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. மாறாமல் இருப்பது ஒன்றே: மைந்தர் இருவரிடையே தந்தை இட்ட எடை. அந்த எடையை எந்த நூலும் நின்று ஆராயவில்லை. கொலையுண்டவனிடம் குறை காண்பது தகாது என்ற நல்லெண்ணம் அதற்குக் காரணமாகலாம். மெனண்டெஸ் வழக்கைப் பற்றிய பேச்சிலும் இதே கூச்சம் தலைகாட்டுவதாகத் தோன்றுகிறது. தந்தையின் நடத்தையைப் பேசினால் கொலைக்கு நியாயம் கற்பித்ததாகுமே என்று ஒருசாரார் கருதலாம், பேசாவிட்டால் உண்மை புதையுமே என்று மறுசாரார் கருதலாம். ஏதுவைக் காண்பது மன்னிப்பது அன்று. ‘சினத்தாற் கொன்றான்’ என்ற தொடரிலும் கொன்றான் என்னும் பயனிலை அப்படியே நிற்கிறது.

சங்க காலத்துப் புலவர் ஒருவர் இந்தக் கூச்சம் இல்லாமலே பேசியிருக்கிறார். கோப்பெருஞ்சோழனின் மைந்தர் அவன்மேல் படை கொண்டு எழுந்தனர். அவனும் அவர்மேல் சினந்து புறப்பட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் இடைபுகுந்தார். அப்பாட்டு புறநானூற்றில் 213ஆவதாக உள்ளது. தமிழாசிரியர் அனைவரும் அறிந்தது. மைந்தரைப் பற்றி, சிந்தனை முதிராத இளையோர் என்னும் அளவிற்குமேல் அதிலே ஒன்றும் இல்லை. அவர்கள் பெயர் இல்லை. பொன்னாசையா, நாட்டாசையா என்ற ஆராய்ச்சி இல்லை. புலவர் வினவியதெல்லாம் தந்தையை. நீ மறைந்தபின் இந்நாடு யாருக்கு? இவர்களை வென்றுவிட்டால் எஞ்சிய பெருஞ்செல்வத்தை யாரிடம் விட்டுச் செல்வாய்? நீ தோற்றால் மகிழ்பவர் யார்? செல்வம் அங்கேயும் நடுவில் இருக்கிறது. ஆனால் மகனின் குற்றத்துக்கு விளக்கமாக அன்று, தந்தை விடை கூற வேண்டிய வினாவாக இருக்கிறது. சோழன் போரை விட்டான். வடக்கிருந்து உயிர் துறந்தான். உறையூரிலே மகன் கைவாள் தந்தைமேல் படாமற் போனதற்கு, நோக்கம் கேட்ட திசை மாறியதே காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்குமேல் அப்பாட்டைக் கொண்டு வரலாறு எழுதுவது மிகை.

குலசேகரனிடம் அவ்வாறு கேட்ட புலவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. மதுரைப் பள்ளிகளிலாயினும் ஜூரோங் பள்ளிகளிலாயினும் இப்பகுதியைக் கற்பிப்பவர், மாணவனிடம் ‘சுந்தரன் ஏன் கொன்றான்?’ என்று கேட்குமுன், கல்வெட்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். 1297இல் ஒரு மகனுக்கு முடி. 1303இல் மற்றொரு மகனுக்கு முடி. இடையில் ஆறு ஆண்டுகள். ஒருவன் முடியோடும் மற்றவன் முடியின்றியும் ஒரே அரண்மனையில் தந்தை முன் நின்ற அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி வஸ்ஸாப் ஒரு சொல்லும் எழுதவில்லை.